ஆடாத கட்டில்

கட்டில் வாங்க வருகிறவர்கள் யாரும் அதில் படுத்துப் பார்ப்பதில்லை. விரலை மடக்கிச் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டுவார்கள், பாலிஷைத் தடவிப் பார்ப்பார்கள், பிறகு விலை கேட்பார்கள். இத்தனை வருடத்தில் காலும் சட்டமும் சேருகிற மூலையைக் குனிந்து பார்த்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். ஆனால் கட்டில் என்பதே அந்த மூலைதான், ஐயா. மற்றதெல்லாம் வெறும் பலகை.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். டீ வாங்கித் தந்ததற்கு நன்றி. நான் சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மூட்டு எப்படிப் போடுகிறோம், எதற்கு என்ன செலவு என்பது தெரியாமல் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. ஏற்கெனவே ஒருமுறை புரியாமல் எழுதி, தப்பான ஆளை உள்ளே வைத்திருக்கிறீர்கள்.

என் பெயர் இனிகோ. இண்டூரில் பட்டறை. எங்கள் வீட்டில் அப்பா வரைக்கும் காடு கழனி வேலைதான். பங்குச் சாமியார் ஏற்பாடு செய்த தச்சுப் பயிற்சியில் சேர்ந்து உளி பிடித்த முதல் ஆள் நான். கட்டில் காலில் சதுரமாகத் துளை எடுப்பேன். சட்டத்தின் நுனியை அந்தத் துளைக்குச் சரியான நாக்காகச் செதுக்குவேன்; அதைக் கழுந்து என்போம். கழுந்து துளைக்குள் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அந்த நுனியைக் கீறி, கீறலுக்குள் புளிய மரத்து ஆப்பு ஒன்றை அடித்து இறுக்குவேன். ஆணியும் கிடையாது, திருகும் கிடையாது. ஒரு ஆள் ஒரு கட்டிலை முடிக்க மூன்று நாள் பிடிக்கும். அந்தக் கூலிதான் விலையில் பாதி.

ஆப்பை முதல் தடவையே முழுதாக அடித்துவிட மாட்டேன். நகத்தளவு வெளியே விட்டு வைப்பேன். முதல் கோடையில் மரம் காய்ந்து சுண்டும், மூட்டு கொஞ்சம் இளகும். கோடை முடிந்ததும் யாரும் கூப்பிடாமலே போய் நின்று, மிச்ச ஆப்பையும் அடித்து, நுனியை அறுத்து வழித்துவிட்டு வருவேன். அதற்குக் கூலி இல்லை, ஒரு வேளைச் சோறு போட்டால் போதும். அதனால் இந்தச் சுற்று வட்டாரத்தில் யார் வீட்டுப் படுக்கையறைக்குள் போனாலும் என்னை ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். சுத்தியல் பையைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் உள்ளே வைத்திருக்கும் நவநீதன் என்னிடம் வேலை பார்த்தவன். கை சுத்தமான வேலைக்காரன், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். பிறகு தருமபுரியில் தனியாகக் கடை போட்டான். அவன் கட்டிலில் கழுந்து கிடையாது. சட்டத்தைக் காலோடு ஒட்டி வைத்து, துளை போட்டு, நீள போல்ட்டு இரண்டைச் செலுத்தி முடுக்கிவிடுவான். போல்ட்டின் தலை தெரியாதபடி மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. மெஷின் துளை போடுகிறது, ஸ்பானர் சாவி முடுக்குகிறது. ஒரே நாளில் ஐந்து கட்டிலுக்கு வேலை முடிந்துவிடும். விலையும் என் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

ஒருமுறை கோயில் திருநாளில் அவனைப் பார்த்தபோது கேட்டேன்.

“கழட்டிப் போடற கட்டில் எல்லாம் ஒரு கட்டிலாடா?”

“இல்லீங்க மேஸ்திரி, இப்ப எல்லாரும் வாடக வூடு. வருசத்துக்கு ஒரு வூடு மாத்தறாங்க. உங்க கட்டில வாசப்படி வழியா வெளிய கொண்டாரணும்னா செவுத்த இடிக்கணும். அவங்க என்னா பண்ணுவாங்க, பாவம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். என்னால் சிரிக்க முடியவில்லை. அதற்குள் என் பட்டறையில் ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பதும், அது பக்கத்து உரக்கடைக்கு வந்த வண்டி என்று தெரிந்து திரும்புவதுமாக நாள் போனது.

அப்போதுதான் விடுதி வேலை வந்தது. ஏரியூரைத் தாண்டி உள்ளே போகிற சாலையில் கன்னியர்கள் நடத்தும் மாணவியர் விடுதி உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாள் முன்னால் அங்கே சிற்றாலயத்துக்குப் பெஞ்சு செய்தது நான்தான். விடுதியைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர் ஆக்சிலியா என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகள் பாயில் படுக்கிறார்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டடுக்குக் கட்டில் இருபது வேண்டும், நீங்களே செய்துவிடுங்கள் அண்ணா என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. சிஸ்டர் சொன்னால் எனக்கு அது போதும்.

மரத்துக்கு எங்கே போவது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது என் மனைவி வேளாங்கண்ணிதான் சொன்னாள். அவளுடைய அப்பா அவள் பங்காகக் கொடுத்த காட்டில் வரப்போரமாக வேப்ப மரங்கள் நின்றன. அவள் பிறந்த வருடம் வைத்தவை. அக்கா தங்கைகள் எல்லாரும் தங்கள் பங்கை விற்றுவிட்டுப் போனபோதும் அவள் மட்டும் அந்த மரங்களுக்காகவே விற்காமல் வைத்திருந்தாள்.

“வெட்டிக்கங்க. புள்ளைங்க படுக்கறதுக்குத்தானே,” என்றாள்.

வெட்டினேன். அறுத்தேன். பட்டறைக்குப் பின்னால் அடுக்கி நிழலில் காய வைத்தேன். காய்ந்து வருகிற நேரத்தில் சிஸ்டர் பஸ் பிடித்து இண்டூருக்கே வந்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. மேல இருக்கறவங்க நாலு எடத்துல விலை கேக்கச் சொன்னாங்க. நவநீதன் சொன்ன விலைக்கும் உங்க விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமா இருக்குது. மிச்சம் புடிச்சா புள்ளைங்களுக்கு இன்னும் ரெண்டு கக்கூஸ் கட்டலாங்கறாங்க. நான் என்ன சொல்ல முடியும், சொல்லுங்க.”

கக்கூஸ் வேண்டாம், கழுந்துதான் வேண்டும் என்று எந்த மனிதன் சொல்வான். காபி கொடுத்து அனுப்பினோம். சிஸ்டர் போன பிறகு வேளாங்கண்ணி பின்னால் போய் அந்தப் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. அதன் பிறகு தினமும் சாயங்காலம் மாங்கூழ் ஆலை வேலையிலிருந்து வந்ததும், கை கழுவுவதற்கு முன்னால் ஒருமுறை பின்பக்கம் போய் அந்த அடுக்கைப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாள் சொன்னாள்:

“மரம் வெட்டுனது வெட்டுனதுதாங்க. கட்டிலாவது பண்ணுங்க. இப்பிடியே கெடந்தா எனக்குப் பாக்க முடியல.”

வேறு எங்கெங்கோ கேட்டேன். கல்யாண வீடுகளில் கேட்டேன். கேட்ட இடத்திலெல்லாம் நவநீதனின் விலையைத்தான் சொன்னார்கள். கோடை வெக்கையில் பலகைகளின் நுனி வெடிக்க ஆரம்பித்தது. வெடித்த இடத்தில் பசையும் மரத்தூளும் குழைத்து அப்பிக்கொண்டிருந்தேன்.

கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், சிற்றாலயத்துப் பெஞ்சுகளுக்கு ஆப்பு இறுக்க வழக்கம் போலப் போனேன். வேலை முடிந்ததும் சிஸ்டர் சாப்பாடு போட்டார். பிறகு ஒன்று கேட்டார்.

“புதுக் கட்டில் எல்லாம் வந்து போட்டுட்டாங்கண்ணா. நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லிடுங்க. நீங்க சரின்னா எனக்கு நிம்மதி.”

நவநீதன் செய்த கட்டிலை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் படவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். படுக்கைக் கூடத்தில் ஜன்னலோரமாக இருந்த கட்டிலின் மேல் அடுக்கில் ஒரு சின்னப் பெண் மட்டும் காய்ச்சலோடு படுத்திருந்தாள். அதுதான் பிளசி. ஆறாவது படிக்கிறவள். அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு ஆட்டினாள்.

“கட்டில் ஆடுதா பாப்பா?” என்று கேட்டேன்.

“ஆடவே இல்லீங்க தாத்தா. எங்க வூட்டுக் கட்டுலு திரும்பிப் படுத்தாலே கத்தும். இது கத்தவே கத்தாது. பாருங்க.” மேலேயே எழுந்து நின்று குதித்துக் காட்டினாள். கட்டில் அசையவில்லை. “சூப்பருங்க தாத்தா. நீங்களா செஞ்சீங்க?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொன்னேன். எனக்கு அந்தப் பிள்ளைமேல் ஒரு கோபமும் இல்லை, ஐயா. இப்போதும் இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூடியைக் கழற்றி, பையிலிருந்த சாவியைப் போட்டேன். சரிபார்க்கிறார் தாத்தா என்று நினைத்துக்கொண்டாள். தலைமாட்டுப் பக்கம் இரண்டு காலிலும் மேல் அடுக்கைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளை ஒரு சுற்று இளக்கினேன். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. போல்ட்டு என்பது தானாகவே இளகும் சாமான். மரம் ஒவ்வொரு கோடையிலும் சுண்டும், ஒவ்வொரு மழையிலும் ஊதும். இரும்பு அதோடு சேர்ந்து சுண்டாது, ஊதாது. மூன்று நான்கு வருடத்தில் அந்தக் கட்டில் கட்டாயம் ஆடத் தொடங்கும். ஆனால் இரண்டாவது கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதற்கும் இருபது கட்டில் வேண்டியிருந்தது, அதை இந்த வருடக் கடைசிக்குள் யாருக்குக் கொடுப்பது என்று முடிவாகும். மூன்று வருடம் கழித்து ஆடி எனக்கு என்ன பிரயோசனம். எப்படியும் வரப்போகிற ஒன்றைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்தேன். கட்டில் ஆடும், பிள்ளை சிஸ்டரிடம் சொல்லும், சிஸ்டர் என்னைக் கூப்பிடுவார். அவ்வளவுதான் என் கணக்கு.

“கொஞ்ச நாள் போவட்டும் சிஸ்டர். ஒரு மழை பாத்தாத்தான் எதையும் சொல்ல முடியும்,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சிஸ்டர் கூப்பிடவில்லை. ஆகஸ்டில் மாதா திருநாளும் சுதந்திர தினக் கொடியேற்றமும் ஒன்றாக வருகிறதல்லவா, அன்று பூசைக்கு அங்கேதான் போனேன். பிள்ளைகள் மைதானத்தில் பூசைக்கு நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். கூடத்துக்குள் போய்ச் சட்டத்தைப் பிடித்து உலுக்கினேன். மயிரிழை அசைவுதான். இந்தத் தடவை நான்கு போல்ட்டுகளையும் முழுதாக உருவினேன். உருவிய பிறகும் சட்டம் காலை விட்டுப் பிரியவில்லை. எனக்கு விளங்கவில்லை. மூட்டை மெல்ல நெம்பி இடுக்கில் பார்த்தேன்.

போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் சுண்டுவிரல் தடிமனில் மரக் குச்சிகள் வைத்திருந்தான். உருட்டிச் செதுக்கி, நுனியைச் சாய்த்து, துளைக்குள் சரியாக உட்காரும்படி. அந்த விலையில் அதற்கு இடமே கிடையாது. யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை, கேட்கப் போவதும் இல்லை. அவனுடைய மெஷின் செய்கிற வேலை இல்லை இது. ஒவ்வொன்றையும் கையால் சீவியிருக்கிறான். வெளியே தெரியாத இடத்தில் நல்ல வேலை செய்வதுதான் தச்சு என்று என் பட்டறையில் ஆயிரம் தடவை சொன்னவன் நான். அதை அவன் கேட்டிருக்கிறான். அங்கே நின்று அந்தக் குச்சிகளைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீண் செலவு செய்கிறான் முட்டாள் என்று நினைத்தேன். மூடிகளைத் திரும்ப வைத்து அழுத்திவிட்டு, பூசை முடிவதற்குள் வெளியே வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டேன்.

உங்கள் மேசையில் வைத்திருக்கிறேனே, அவைதான் அந்த நான்கு போல்ட்டுகள். வீட்டில் ஆணி டப்பாவுக்குள் கிடந்தன. உங்கள் ஆட்கள் விடுதியில் தேடியும் கிடைக்கவில்லை என்பதால்தான், செலவை மிச்சம் பிடிக்க நவநீதன் அவற்றைப் போடவே இல்லை என்று முடிவு கட்டினீர்கள்.

அப்புறமும் கட்டில் விழவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மழையில் மரம் தண்ணீர் குடித்து ஊதும். குச்சிகள் துளைக்குள் இன்னும் இறுகிவிட்டன. மேலே படுக்கிறவளும் கோழிக்குஞ்சுக் கனம். அந்தக் குச்சிகளுக்கு அவள் ஒரு பாரமே இல்லை. நான் இங்கே ஒவ்வொரு நாளும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேளாங்கண்ணி ஒவ்வொரு சாயங்காலமும் பின்பக்கம் போய் வந்தாள். விரிசல் பலகையின் நடுப்பகுதி வரை வந்துவிட்டது. ஒரு இரண்டு மாதம் தாமதமானால் அவள் மரங்கள் அடுப்புக்குத்தான் ஆகும்.

தீபாவளிக்கு முன்னால் சிஸ்டர் கூப்பிட்டார். ஓடிப் போய் எடுத்தேன். கூடத்து ஜன்னல் கதவு மழையில் ஊதிச் சாத்த முடியவில்லை, வந்து இழைத்துக் கொடுங்கள் என்றார். கட்டிலைப் பற்றிக் கேட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, அடுத்த வாரம் நவநீதனையே வரச் சொல்லிப் புதுக் கூடத்துக்கும் பேசிவிடலாம் என்று இருக்கிறோம் என்றார்.

போனேன். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். ஜன்னல் கதவைக் கழற்றி இழைத்து, திரும்ப மாட்டினேன். அன்று அந்தக் கட்டிலில் நான் ஒரு மூடியைக்கூடத் தொடவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வாரமே நடந்தது. விடிகாலை மணியடித்ததும் மேலே படுத்திருந்த யுவராணி எழுந்தாள். பதினொன்றாவது படிக்கிறவள், வாட்டசாட்டமான பெண், பந்து எறிகிற போட்டிக்கெல்லாம் போகிறவள். அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கால் ஊன்றியதும் கட்டில் கால் இரண்டும் விலகி, குச்சிகள் துளையை விட்டு வெளியே வந்து, தலைமாட்டுப் பக்கம் சட்டமும் பலகையும் அவளோடு சேர்ந்து கீழ்க் கட்டிலின் மேல் இறங்கிவிட்டன. கீழே பிளசி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போது அவர்கள் இடம் மாறிப் படுத்திருந்தார்கள். சட்டத்தின் விளிம்பு கழுத்தில் விழுந்திருக்கிறது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. யுவராணிக்குக் கை எலும்பு முறிவு. அந்தப் பெண் இன்னும் பேசுவதில்லை என்று சொல்கிறார்கள்.

சிஸ்டர் அழுதுகொண்டே எனக்குத்தான் போன் செய்தார். பெட்டி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். அளவு சொன்னார்.

மண்ணுக்குள் போகிற பெட்டிக்கு யாரும் மூட்டு போடுவதில்லை. பலகையைச் சேர்த்து நான்கு ஆணி அடித்தால் போதும், அரை மணி நேர வேலை. நான் அப்படிச் செய்யவில்லை. வேளாங்கண்ணியின் வேம்பில் வெடிக்காத பலகைகளாகப் பார்த்து எடுத்து, மூலைக்கு மூலை பல் வெட்டிக் கோத்து, ஒரு ஆணி இல்லாமல் செய்தேன். இரவு முழுக்க வேளாங்கண்ணி விளக்குப் பிடித்தாள். அவ்வளவு சுத்தமான வேலை என் கையில் வந்து நாளாகியிருந்தது. கூலி வாங்கவில்லை. அந்த மரங்களிலிருந்து நான் செய்த ஒரே சாமான் அதுதான்.

நவநீதனைக் கைது செய்தீர்கள். போல்ட்டு போட்டிருந்தாலுமே அந்த மூட்டு நம்பத் தகுந்ததல்ல என்று இன்ஜினியரிங் காலேஜிலிருந்து வந்த ஆள் எழுதிக் கொடுத்தார். இத்தனை வருடமாக நான் சொன்னதைத்தான் அவர் எழுதியிருந்தார். இனி என்னைக் கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். அடக்கம் முடிந்த அடுத்த வாரம் நானே போய் சிஸ்டரைப் பார்த்தேன். வாசலில் லாரி நின்றது. இரும்புக் கட்டில்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

“மரமே வேணாங்கண்ணா,” என்றார் சிஸ்டர். “யாரு செஞ்சாலும் வேணாம். மரக் கட்டிலப் பாத்தாலே எனக்கு அந்தப் புள்ள மொகந்தான் வருது.”

அது அங்கேயே நிற்கவில்லை. இண்டூரில் ஒரே ஒரு கல்யாண வீட்டில் எனக்குக் கொடுத்திருந்த முன்பணத்தையும் திரும்பக் கேட்டார்கள். பென்னாகரத்தில் ஒருவர் வீட்டிலிருந்த என் கட்டிலையே, பதினைந்து வருடம் முனகாமல் நின்ற கட்டிலை, பயந்து காலை அறுத்து வெளியே எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டார். மரக் கட்டில் பிள்ளையைக் கொன்றுவிட்டது என்பதுதான் எல்லார் வாயிலும். கழுந்தா போல்ட்டா என்று யார் கேட்கிறார்கள். அன்றைக்கு விரலை மடக்கித் தட்டிப் பார்த்தவர்கள் இன்றைக்கு அதுவும் செய்வதில்லை.

நவநீதன் உள்ளே கிடப்பது பொறுக்காமல் வந்தேன் என்று எழுதினால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். அது பொய். நான் மரத்துக்காக வந்தேன். அது மரத்தின் குற்றம் இல்லை என்று பேப்பரில் வர வேண்டும். வந்தால் ஆட்கள் திரும்ப வருவார்கள், வேளாங்கண்ணி அந்தப் பலகையை யாரிடமாவது விற்றுக்கொள்வாள். போல்ட்டின் குற்றமும் இல்லை என்று சேர்த்துப் போடத்தான் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள். போல்ட்டு இல்லாமலே ஒரு மழைக்காலம் முழுக்க நின்றது அந்தக் கட்டில். நியாயமாகப் பார்த்தால் அது விழுந்திருக்கவே கூடாது.

கடைசியாக நீங்கள் கேட்டது ஒன்று பாக்கி இருக்கிறது. கீழே ஒரு குழந்தை படுத்திருக்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்டீர்கள். நான் எப்போதும் மேலே படுக்கிறவளைத்தான் நினைத்தேன். மிஞ்சிப் போனால் ஒரு கை, ஒரு கால்; சின்னப் பிள்ளை எலும்பு சீக்கிரம் கூடிவிடும். கீழே இருப்பவளைப் பற்றி நான் நினைத்ததே இல்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை எழுத உட்கார்ந்தபோதும் அப்படித்தான் எழுதுவதாக இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னலை மாட்டி முடித்த பிறகு, சிஸ்டரிடம் ஒன்று சொன்னேன். ஜன்னல் நன்றாகத் திறக்கிறது, இனிமேல் மேல் கட்டிலுக்கு நேராகப் பனிக்காற்று அடிக்கும், காய்ச்சல் கண்ட சின்னப் பிள்ளை அங்கே வேண்டாம், பெரிய பெண் யாரையாவது மேலே போடுங்கள் என்றேன். தச்சன் சொல்வதைக் கேட்காமல் இருப்பாரா. அப்போதே கீழே படுக்கிற யுவராணியைக் கூப்பிட்டார். பிளசிக்கு இறங்க மனமில்லை. மேலே இருந்தால் ஜன்னல் வழியாக பஸ் போவது தெரியும் என்று சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சிஸ்டருக்கு மனது கேட்கவில்லை, சரி இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்றார்.

நான் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்து, “கீழதான் பத்திரம் கண்ணு,” என்று சொல்லி, அவளுடைய தலையணையை எடுத்துக் கீழ்க் கட்டிலில் போட்டேன்.